மாட்டுங்கா அரங்கேற்றமும் திரையில் ஓடிய கோடுகளும்

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையின் மாட்டுங்காவில் ஒரு சிறிய அரங்கில் என் அக்கா மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தது. அதை வீடியோவாகப் பதிவு செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வந்திருந்த புதிய மிரர்லெஸ் கேமராவும், நல்ல லென்ஸும், ஆடாத முக்காலியும் கையில் இருந்தன. அலாரிப்பில் தொடங்கி மங்களம் வரை ஒன்றையும் விடாமல் எடுத்தேன். கேமராவின் பின்புறம் இருக்கும் மூன்று அங்குலத் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. அன்றிரவு செம்பூரில் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தபோதுதான், ஆடுகிறவளுக்குப் பின்னால் இருந்த வெளிர்நிறத் திரைச்சீலை முழுவதும் மங்கலான கிடைக்கோடுகள் ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணத்தில் அவள் நின்று அபிநயம் பிடித்த இடங்களில் முகத்தின் மீதே அந்தக் கோடுகள் ஏறி இறங்கின. ஏழெட்டு ஆண்டுப் பயிற்சி ஒரே மாலையில் மேடையேறுகிறது. மறுபடி ஒருமுறை ஆடு என்று யாரும் சொல்ல முடியாது.

கேமராவில் எந்தப் பழுதும் இல்லை. அது முழுக்க ஆட்டோவில் இருந்தது. அமெரிக்கச் சந்தைக்காக விற்கப்பட்டதால் நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 தனிப்படங்கள், என்ற கணக்கிலும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/60 நொடி திறந்திருக்கும் அமைப்பிலும் தானாகப் போய் நின்றிருந்தது. அந்த எண்களுக்கும் மும்பையின் மின்சாரத்துக்கும் ஒத்துவராது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அதைத் தேடிப் படிக்கப் போனபோது, வீடியோ கெட்டுப்போகும் வழிகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பது எனக்குப் புரிந்தது.

புகைப்படம் எடுக்கும்போது கேமரா ஒரு படத்துக்கு ஒருமுறைதான் முடிவெடுக்கிறது. வெளிச்சம் எவ்வளவு, நிறம் எது, ஃபோகஸ் எங்கே என்று அந்தக் கணத்தில் கணக்கிட்டு ஷட்டரைத் திறந்து மூடிவிடுகிறது. அடுத்த படத்துக்கு வேறு முடிவு எடுத்தாலும் இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. வீடியோவிலோ நொடிக்கு 25 படங்கள் அடுத்தடுத்து வருகின்றன. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது கேமரா தன் முடிவை மாற்றிக்கொண்டால், அந்த மாற்றமே ஓர் அசைவாகப் பார்ப்பவரின் கண்ணில் படுகிறது. கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் முகம் திடீரென்று இருண்டு மறுபடி வெளுப்பதும், பாடகரின் குரல் உள்ளே போய் வெளியே வருவதும், பட்டுப்புடவையின் நிறம் நடுவில் மாறுவதும் அப்படி நிகழ்பவைதான். ஒரு காட்சிக்குள் மாறக்கூடாதவற்றை மாறாமல் பூட்டி வைப்பதுதான் நல்ல பதிவின் அடிப்படை. விலையும் மெகாபிக்சலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன என்பது என் உறுதியான கருத்து.

கேமரா நிறுவனங்களே இதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வீடியோ பதிவு செய்யும் முதல் எஸ்எல்ஆர் வகை டிஜிட்டல் கேமராவாக நிக்கான் டி90 வந்தது 2008 ஆகஸ்டில். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. ஃபிலிம் நெகட்டிவ் அளவிலான பெரிய சென்சார், 1920×1080 பிக்சல் கொண்ட முழு எச்டி, இருட்டிலும் சுத்தமான படம் என்று திரைப்படத் துறையினரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அது நொடிக்கு 30 ஃப்ரேம் மட்டுமே எடுத்தது. ஷட்டரையும், லென்ஸின் துளை அளவான அப்பர்ச்சரையும், ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவையும் வீடியோவின்போது கேமராவேதான் தீர்மானித்தது. பயன்படுத்தியவர்கள் விடாமல் கேட்டதன் பேரில், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, கையால் அமைக்கும் வசதியை 2009 ஜூனில் கேமராவின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் வழியாகக் கொடுத்தார்கள். 24, 25 ஃப்ரேம் வேகங்கள் 2010 மார்ச்சில் வந்தன. சென்சாரும் லென்ஸும் அப்படியே இருக்க, அந்தக் கேமராவைத் தொழில்முறைப் படப்பிடிப்புக்குத் தகுதியாக்கியவை இந்த இரண்டு மென்பொருள் மாற்றங்கள்தான்.

இனி அந்தக் கோடுகளுக்கு வருவோம். இந்தியாவில் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரு திசைகளிலும் ஒருமுறை உச்சத்தைத் தொடுவதால், அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகிறது. இரும்புச் சோக் வைத்த பழைய டியூப் லைட்டில் இது கூடுதலாகத் தெரியும். மலிவான எல்இடி பல்புகளிலும், உள்ளே மின்சாரத்தைச் சமன்படுத்தும் பாகம் சரியாக இல்லாவிட்டால் இதே துடிப்பு இருக்கும். நம் கண்ணுக்கு அது புலப்படாது. கேமராவுக்குப் புலப்படும். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு முழுத் துடிப்பை வாங்கிக்கொள்கிறது; 1/50 நொடி என்றால் இரண்டு முழுத் துடிப்புகள். எந்தக் கணத்தில் தொடங்கினாலும் கிடைக்கும் வெளிச்சத்தின் மொத்த அளவு ஒன்றேதான். 1/60 நொடியிலோ ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான துடிப்புதான் அடங்குகிறது. அந்தப் பின்னப் பகுதி சில ஃப்ரேமில் உச்சத்தில் விழுகிறது, சில ஃப்ரேமில் தாழ்வில் விழுகிறது. போதாக்குறைக்கு, பெரும்பாலான கேமராக்களின் சென்சார் படம் முழுவதையும் ஒரே கணத்தில் படிப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறது. ஆகவே ஒரே ஃப்ரேமுக்குள்ளேயே சில வரிசைகள் வெளிச்சமாகவும் சில மங்கலாகவும் பதிகின்றன. அவைதான் கோடுகள்.

அவை ஏன் ஓடின என்பதற்கும் கணக்கு உண்டு. 100 துடிப்பை 30 ஃப்ரேமால் வகுத்தால் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் வருகிறது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப்போய், மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை கோடு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அதாவது நொடிக்குப் பத்து முறை படம் துடிக்கிறது. 25 ஃப்ரேமில் எடுத்தால் 100 மீதியின்றி வகுபடும். அப்போது ஷட்டர் தவறாக இருந்தாலும் கோடுகள் கிட்டத்தட்ட ஓரிடத்திலேயே நிற்கும். கிட்டத்தட்ட என்று சொல்லக் காரணம், மின்சாரமும் துல்லியமாக 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 சுற்றில்) நிற்பதில்லை என்பதுதான். இந்திய மின்தொகுப்பு விதிகள் அனுமதிக்கும் எல்லை 49.90 முதல் 50.05 வரை. அந்தச் சிறிய ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கோடுகள் மெல்ல ஊர்ந்து போவதை, 1/200 நொடி ஷட்டரில் ஒரு டியூப் லைட்டை எடுத்துப் பார்க்கிற யாரும் வீட்டிலேயே காணலாம்.

நம் தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃப்ரேம் என்று அமைந்ததும் இந்த மின்சாரத்தை ஒட்டித்தான். 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது இந்தியா ஏற்ற முறை பால். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் என்டிஎஸ்சி. இரண்டுமே பழைய ஒளிபரப்புக்கான வண்ணக் குறியீட்டு முறைகள். டிஜிட்டல் கேமராவுக்குள் அவற்றுக்கு இன்று வேலை இல்லை. ஆனாலும் கேமராவின் மெனுவில் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: பால் என்றால் 25, 50 ஃப்ரேம், என்டிஎஸ்சி என்றால் 30, 60 ஃப்ரேம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கேமராவில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. சில கேமராக்கள் இதை மாற்றியவுடன் மெமரி கார்டை மறுபடி ஃபார்மட் செய்யச் சொல்லும். ஆகையால் நிகழ்ச்சி நாளன்று மண்டபத்தில் அல்லாமல் முன்பே வீட்டில் செய்துவிட வேண்டும். (பெரும்பாலான கேமரா நிறுவனங்களின் தாயகமான ஜப்பானிலேயே கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிறது. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு அது.) எக்காரணத்தாலோ 30 ஃப்ரேமில்தான் எடுத்தாக வேண்டும் என்றாலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே அரங்கில், அதே விளக்குகளின் கீழ் அக்கா மகள் மறுபடியும் ஆடினாள். அப்போது 25 ஃப்ரேம், 1/50 நொடி ஷட்டர் என்று அமைத்திருந்தேன். திரைச்சீலையில் ஒரு கோடும் இல்லை.

ஒன்றை மட்டும் இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மேடைகளில் இப்போது தொங்கும் வண்ண எல்இடி விளக்குகளில் பல, மின்சாரத்தின் துடிப்போடு தொடர்பில்லாமல், தம் உள்சுற்றின் வேகத்தில் அணைந்து எரிந்து பிரகாசத்தைக் குறைத்துக் கூட்டுகின்றன. அவற்றுக்கு 1/50 விதி முழுமையாகப் பொருந்தாது. ஷட்டரை நுண்ணிய படிகளில் மாற்றும் வசதி சில கேமராக்களில் இருக்கிறது; அதை வைத்துக் கோடு மறையும் எண்ணைத் தேடலாம். அந்த வசதி இல்லாதபோது, விளக்குக்காரரிடம் சொல்லி அந்த விளக்கை முழுப் பிரகாசத்தில் வைக்கச் சொல்வதே பலன் தருகிறது, ஏனெனில் முழுப் பிரகாசத்தில் அந்த விளக்குகள் பெரும்பாலும் அணைவதில்லை.

1/50 நொடிக்கு அசைவின் பக்கத்திலிருந்தும் ஒரு நியாயம் உண்டு. ஃப்ரேம் நீடிக்கும் காலத்தில் பாதி அளவு ஷட்டர் திறந்திருந்தால் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் என்பது திரைப்படக் கேமராக் காலத்திலிருந்து வரும் வழக்கம். மிருதங்கக்காரரின் விரல்கள் வேகமாகப் போகும்போது லேசாகக் கலங்கித் தெரிய வேண்டும். அந்தக் கலக்கம்தான் ஒரு ஃப்ரேமை அடுத்த ஃப்ரேமோடு இழைக்கிறது. 1/500 நொடியில் எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாக இருக்கும், ஆனால் விரல்கள் விட்டு விட்டுத் துள்ளுவது போலத் தோன்றும். ஆட்டோவில் விட்ட கேமரா வெயிலில் செய்வது இதைத்தான்.

வெயில் என்றதும் தாராவியின் பொங்கல் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு ஜனவரியும் 90 அடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டி, பெண்கள் பானை வைத்துப் பொங்கலிடுகிறார்கள். புகை, மஞ்சள் கொத்து, கரும்பு, பளபளக்கும் பித்தளைப் பானை, வெயிலில் பாதி நிழலில் பாதியாக நிற்கும் முகங்கள் என்று படமெடுக்க அதைவிட வளமான இடம் மும்பைத் தமிழர் வாழ்வில் குறைவு. கேமராவுக்கு அதைவிடச் சிரமமான இடமும் குறைவு. பழைய ஃபிலிம் காலத்துக் கணக்குப்படி, நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 நொடி என்றால் அப்பர்ச்சர் எஃப் 16 (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). ஷட்டரை 1/50இல் பூட்டினால் எஃப் 22 வேண்டும். அவ்வளவு சிறிய துளையில் லென்ஸின் கூர்மையே குறைந்துவிடும். பின்னணியும் முன்னணியும் ஒரே தெளிவில் குவிந்து முகம் கூட்டத்தில் கரைந்துபோகும். எஃப் 4இல் எடுக்க விரும்பினால் ஐந்து ஸ்டாப் வெளிச்சத்தைக் கழித்தாக வேண்டும்; ஒரு ஸ்டாப் கழிப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது. கூலிங் கிளாஸ் போல லென்ஸின் முன்னால் மாட்டும் என்டி ஃபில்டர் இருப்பது இதற்காகத்தான். ஐந்து ஸ்டாப்புக்கு என்டி 32, ஆறுக்கு என்டி 64. பிறகு எடிட்டிங்கில் நிறத்தைத் திருத்துவதற்காக லாக் என்னும் தட்டையான நிறமுறையில் எடுப்பவர்களுக்கு, பல கேமராக்களில் அதன் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ 800 என்பதால், இன்னும் மூன்று ஸ்டாப் கூடுதலாகத் தேவைப்படும். வளையத்தைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி வசதியானதுதான்; ஆனால் கடைசி அளவு வரை திருகினால் அகன்ற லென்ஸில் படத்தின் குறுக்கே ‘எக்ஸ்’ வடிவ நிழல் விழும். ஃபோர்ட் பகுதிக் கடைகளில் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள், லென்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை நல்ல என்டி ஃபில்டருக்கு எடுத்து வைப்பது நல்லது.

எக்ஸ்போஷர் விஷயத்தில் ஆட்டோவின் குணம் எளிமையானது: எதிரே இருப்பதையெல்லாம் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். மணமேடையை எடுத்துக்கொண்டிருக்கும்போது வெள்ளை வேட்டி சட்டையில் பெரியப்பா ஒருவர் அட்சதைத் தட்டோடு குறுக்கே போனால், வெள்ளை கூடிவிட்டது என்று கணக்கிட்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். அவர் நகர்ந்ததும் மெல்ல ஏற்றும். அந்த ஐந்து நொடிக்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். ஆகவே மேனுவலில் வைத்து, வெளிச்சம் கூடின இடத்தைக் காட்டும் ஜீப்ரா கோடுகளைப் பார்த்து அமைக்க வேண்டும். முகத்தின் வெளிச்சம் 70 சதவீத அளவில் இருக்கட்டும் என்று பல கையேடுகள் சொல்வது வெளிர்நிற முகங்களை மனத்தில் வைத்து எழுதியது. நம் மாநிற முகங்களுக்கு 50 முதல் 60 வரை போதும். அதற்கு மேல் ஏற்றினால் மணப்பெண்ணின் இயற்கையான நிறம் போய்ச் சாம்பல் பூசியது போலாகிவிடுகிறது. மாநிறத்தை வெளுக்கடித்துக் காட்டுவதை அழகு என்று கருதும் கல்யாண வீடியோ வழக்கம் எனக்கு உடன்பாடானது அல்ல.

விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வொயிட் பேலன்ஸும் இதே கதைதான். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பழைய மஞ்சள் பல்பின் ஒளி 2800 அளவில் இருக்கும், பகல் ஒளி 5600 அளவில். மண்டபத்தில் இரண்டும் கலந்தே வரும். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை படத்தை நிறைக்கும்போது ஆட்டோ அதைக் கூடுதல் சிவப்பு என்று எண்ணி மற்ற எல்லாவற்றிலும் நீலத்தை ஏற்றும். கேமரா மெல்லத் திரும்பி மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக்கு வந்தால் நிறம் மறுபடி மாறும். மேடை விளக்கு முகத்தில் விழும் இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து ஒருமுறை அளந்து பூட்டிவிட்டால் இந்த வேலை முடிந்தது. துவைத்து வெளுத்த, நீலம் அதிகம் போடாத வேட்டியும் உதவும்.

ஃபோகஸில் மட்டும் நான் ஆட்டோவை முழுவதுமாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். கண்ணைக் கண்டறிந்து பின்தொடரும் இன்றைய கேமராக்கள், நடந்து வரும் ஒருவரைத் தனிமனிதக் கையால் முடியாத துல்லியத்தில் பிடிக்கின்றன. கூட்டத்தில்தான் சிக்கல்: அருகில் எந்த முகம் வந்தாலும் அதற்குத் தாவும். நாட்டிய மேடையில் ஆடுபவர் ஒருவரே என்பதால் ஆட்டோ ஃபோகஸ் பாதுகாப்பு. மணமேடையில் கையால் பூட்டுவது பாதுகாப்பு.

ஒலிதான் மக்கள் மிகவும் அலட்சியப்படுத்தும் பகுதி. சற்று மங்கலான படத்தைச் சகித்துப் பார்ப்பவர்கள் கரகரக்கும் ஒலியை இரண்டு நிமிடம்கூடச் சகிப்பதில்லை. கேமராக்களில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. சத்தம் கூடினால் இறக்கும், குறைந்தால் ஏற்றும். நம் கல்யாணத்தில் அது என்ன செய்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். சாஸ்திரிகள் மந்திரம் சொல்கிறார். ஒலியளவு ஏறி நிற்கிறது, கூடவே மின்விசிறியின் இரைச்சலும். ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் எழுகிறது. தவிலும் நாதஸ்வரமும் ஒருசேர வெடிக்கின்றன. முதல் அரை நொடி உடைந்து பதிவாகிறது. உடனே கேமரா ஒலியை அழுத்திக் கீழே தள்ளுகிறது. மேளம் நின்ற பிறகு சில நொடிகளுக்கு எதுவுமே கேட்பதில்லை. பெண்ணின் அம்மா விம்முவதும், அத்தை ஏதோ சொல்லிச் சிரிப்பதும், அட்சதை விழும் அந்த மெல்லிய சத்தமும் போய்விடுகின்றன. பிறகு மின்விசிறி இரைச்சல் மெல்ல மேலெழுந்து வருகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்பின்போது தவில் உச்சத்தில் வாசிக்கப்படுவதைக் கேட்டு, ஒலிமானியின் முள், ஒலி உடையும் எல்லையான பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்குமாறு அளவை அமைத்துப் பூட்டிவிட்டால், மறுநாள் முகூர்த்தத்தில் உடையாது. மந்திரம் மெல்லியதாகப் பதிவாகும். அதை எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம். உடைந்த ஒலியை எதனாலும் ஒட்ட முடியாது.

மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒலி எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மிக்ஸரில் வருவது மைக் வைத்த ஒலி மட்டும்தான். தவிலுக்குச் சிறிய மண்டபத்தில் மைக் வைப்பதே இல்லை, சபையின் ஆரவாரத்துக்கும் இல்லை. அது மட்டுமின்றி மிக்ஸரிலிருந்து வரும், லைன் அளவு எனப்படும் வலுவான ஒலியைக் கேமராவின் மைக் துளையில் அப்படியே செருகினால் அளவு பல மடங்கு கூடி உடையும். மிக்ஸர் ஒலியைத் தனி ரெக்கார்டரில் வாங்கிக்கொண்டு, கேமராவின் மேல் ஒரு மைக்கும் வைத்து, இரண்டையும் பிறகு கலப்பதே சரியான வழி. மைக் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது மைக்கின் விலையைவிட முக்கியம்: தொலைவு இரட்டிப்பானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும், மண்டபத்தின் எதிரொலியோ அப்படியே இருக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகிறது. 25 ஃப்ரேம் கணக்கில் ஒரு ஃப்ரேம் நேரத்தில் 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சண்முகானந்தா போன்ற பெரிய அரங்கில் பின்வரிசையிலிருந்து எடுத்தால் கேமரா மைக்கில் மிருதங்கத்தின் ஒலி, கை விழுந்து இரண்டு ஃப்ரேம் கழித்தே வரும். மிக்ஸர் ஒலியோடு சேர்க்கும்போது அந்த இரண்டு ஃப்ரேமைத் தள்ளி வைக்கத் தெரியாவிட்டால், ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும்.

4கே பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முழு எச்டியைப் போல நான்கு மடங்கு பிக்சல், 3840×2160. பிறகு வெட்டிப் பெரிதாக்க இடம் கொடுக்கிறது, அந்த வகையில் பயன்தான். ஆனால் நொடிக்கு 100 மெகாபிட் என்ற வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும் என்பதை மனத்தில் வைத்துக் கார்டு வாங்க வேண்டும். குறைந்தது நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் வி30 முத்திரை உள்ள கார்டு அதற்குப் போதும். பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தாமாக நின்றுவிடும். அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதிவு செய்பவற்றை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கம் விதித்ததால் நிறுவனங்கள் வைத்த எல்லை அது. வர்ணமே அரை மணி நேரத்தை நெருங்கும் என்பதால், பழைய கேமரா வைத்திருப்பவர்கள் முந்தைய உருப்படி முடிந்து கைதட்டல் எழும் நேரத்தில் நிறுத்தி மறுபடி தொடங்கிக்கொள்ள வேண்டும். லாக் முறையில் எடுப்பதென்றால் 10 பிட் வேண்டும்: ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்டில் 256 படிகள், 10 பிட்டில் 1024. 8 பிட் கேமராவில் லாக் எடுத்துப் பிறகு நிறத்தை இழுத்தால் மாலை வானம் பட்டை பட்டையாகப் பிரியும். அப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்கள் சாதாரண நிறமுறையிலேயே, வெளிச்சத்தையும் வொயிட் பேலன்ஸையும் சரியாக அமைத்து எடுப்பது எவ்வளவோ மேல். மழைக்காலத்தில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் நீர்ப்படலம் பிடிக்கும். கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு வெளிக்காற்றின் சூட்டுக்குப் பழக்கிய பின்னரே திறக்க வேண்டும்.

பூட்டி வைப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. 90 அடிச் சாலையில் மாலையாகிறது. ஜனவரி நடுவில் மும்பையில் சூரியன் மறைய ஆறே காலைத் தாண்டும். அதைச் சுற்றிய அரை மணி நேரத்தில் வெளிச்சம் பல ஸ்டாப் இறங்கிவிடும். நான்கு மணிக்குப் பூட்டிய அமைப்போடு ஆறரைக்கு எடுத்தால் எதுவும் தெரியாது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் ஒரு காட்சியை நிறுத்திய பிறகு, அடுத்ததைத் தொடங்கும் முன், நாமே மாற்ற வேண்டும். முதலில் என்டி ஃபில்டரைக் கழற்றுவது, பிறகு அப்பர்ச்சரைத் திறப்பது, அதுவும் போதாதபோது ஐஎஸ்ஓவை ஏற்றுவது என்ற வரிசையில் போனால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் புகுவதைக் கடைசி வரை தள்ளிப்போடலாம். ஷட்டரை மட்டும் தொடவே கூடாது. சூரியன் போன பிறகு கோலத்தின் மீதும் கழுவிக் கவிழ்த்த பானைகள் மீதும் விழப்போவது கடைத் தெரு விளக்குகளின் ஒளி. அவை எரிவது அதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில்.